பொடக்காளியில் ஒரு கடற்பல்லி

பங்குனி மாதத்தில், பூச்சாட்டன்று காலை, எதிர்வீட்டு உளிச்சத்தம் நின்றுபோயிற்று.

அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளாக, லாரி வெளியூர் போகாத நாள்களில் எல்லாம், எங்கள் தெரு அந்தச் சத்தத்தில்தான் கண்விழித்தது. பொற்கொல்லர் தட்டுவது போன்ற மெலிந்த சத்தம். அதைக் கேட்டுச் சலித்தவர்கள் பலர். நின்றவுடன் வருந்தியவன் நான் ஒருவன்தான்.

மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே உள்ளது எங்கள் ஊர். மாரியம்மன் கோயிலில் பூப்போட்டு நோம்பி சாட்டிவிட்டால், அதாவது திருவிழாவை அறிவித்துவிட்டால், தீர்த்தக்குடம் வந்து அம்மனுக்கு நீராட்டும் வரையில், ஊருக்குள் எதையும் இடிக்கலாகாது. உரலில் உலக்கை விழலாகாது. எண்ணெயில் கடுகு வெடிக்கலாகாது. அந்த நாள்களில் தாளிக்காத கொள்ளுப்பருப்பையும் புளிச்ச மோரையும் உண்டு, ஊரே நாக்குச் செத்துக் கிடக்கும். உரலுக்கும் உலக்கைக்கும் பொருந்துவது உளிக்கும் சுத்தியலுக்கும் பொருந்தாதா? பொருந்தும் என்று முடிவு செய்தவர், கோயில் தர்மகர்த்தா சின்னுசாமிக் கவுண்டர். உளி பிடித்தவன் அவருடைய உடன்பிறந்த தம்பி வெள்ளியங்கிரி.

வெள்ளியங்கிரிக்குச் சொந்தமாக ஒரு லாரி இருந்தது. பெரம்பலூரைத் தாண்டிக் காரை என்னும் ஊரின் செம்மண் ஓடைகளில் ஜிப்சம் ஏற்றிக்கொண்டு, சங்ககிரிப் பக்கத்துச் சிமெண்டு ஆலையில் இறக்குவான். அந்த ஓடைகள் ஒரு காலத்தில் கடலடியாக இருந்தவை. ஜிப்சத்தோடு சேர்ந்து வரும் உருண்டைக் கற்களைக் கூலியாள்கள் ஒதுக்கி அப்பால் தள்ளுவார்கள். அவ்வாறு இருவர் உருட்டித் தள்ளிய கல்லொன்று, 1979ஆம் ஆண்டில், வெள்ளியங்கிரியின் காலடியில் விழுந்து முனை உடைந்தது. உடைந்த இடத்தில், சோளக்கதிரில் மணி வைத்தாற்போலப் பற்கள் வரிசையாக இருந்தன. ஆட்டுக்கல்லைவிடப் பெரிய அந்தக் கல்லை இருவர் தூக்கி லாரியில் ஏற்றினர். அன்று அவனைப் பிடித்த வெறி அதன்பின் அவனை விடவேயில்லை.

லாரியின் பழைய வில்பட்டையை அடித்து உளி செய்துகொண்டான். சாக்குத் தைக்கும் கோணூசியால் பற்களின் இடுக்கைச் சுரண்டினான். டயருக்குக் காற்றடிக்கும் பம்பினால் தூசியை ஊதினான். லாரிக்குக் கூடு கட்டும் தச்சர்கள் பூசும் அரக்கு மெருகை, எலும்பு உதிராதிருக்க, மெல்லிய தூரிகையால் தடவினான். இரண்டு ஆண்டுகளில் நீண்ட தாடை முழுவதும் வெளிப்பட்டுவிட்டது. மிஞ்சியது பின்தலை மட்டும்.

சீட்டாட்டத்தில் நாளைக் கரைக்கிறவனை நம் ஊர் ஒன்றும் சொல்லாது. சேவற்கட்டுக்குப் போகிறவனைச் சிரித்துக்கொண்டே மன்னிக்கும். ஒருவன் தன் வீட்டுப் பொடக்காளியில், அதாவது புழக்கடையில், வேப்பமரத்தடியில் அமர்ந்து, எவருக்கும் இடையூறின்றிக் கல்லுக்குள் இருப்பதைக் கண்டறிய முயன்றால், அவனைப் பைத்தியம் என்று கூறும். இந்த அநீதியை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

முந்தைய ஆண்டில் அவன் ஒரு பல்லைப் பஞ்சில் சுற்றித் தீப்பெட்டியில் வைத்துச் சேலத்துக்குக் கொண்டு போனான். அஸ்தம்பட்டியில் குடியிருந்த வேலுமணி என்னும் கல்லூரி ஆசிரியர், நிலவியல் கற்பித்தவர், அதைக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாராம். கடலில் வாழ்ந்த ஊர்வன இனம், மீனைப்போல் நீந்தியது, பல்லியின் உறவு. “கண்ணைச் சுற்றி எலும்புத் தகடுகள் வளையமாக இருக்கும். அந்த வளையம் உங்கள் கல்லில் இருந்துவிட்டால், அது பெரிய பேறு” என்று படம் வரைந்து காட்டினாராம். அதிலிருந்து வெள்ளியங்கிரிக்கு அந்தக் கண்ணைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

பூச்சாட்டு முடிந்த அன்று மாலை, சின்னுசாமிக் கவுண்டர் தம்பியின் வாசலுக்கு வந்தார். அண்ணன் தம்பி இரண்டு வீட்டுக்கும் வாசல் ஒன்றுதான். நான் அங்கே கட்டிலில் அமர்ந்திருந்தேன்.

“வெள்ளியங்கிரி, நல்லாக் கேட்டுக்கோ சாமி. அடுத்த புதன்கெழமை தீர்த்தக்குடம் நம்ம வாசல்ல இருந்துதான் பொறப்படுது. பொடக்காளியில எலும்ப வெச்சுக்கிட்டு, நான் எந்த மூஞ்சியோட குடத்துக்கு மாலை போடறது?”

“அது எலும்பில்லீங்ணா. கல்லு.”

“போன மாசம் டீக்கடையில எலும்புன்னு நீதானே சொன்னே?”

“எலும்பாத்தான் இருந்துச்சுங்ணா. இப்பக் கல்லாயிருச்சு.”

“கல்லுன்னா எதுக்குடா ரெண்டு வருசமா அதக் கொஞ்சிக்கிட்டுக் கெடக்கறே? பல்லிருக்குது, தாடையிருக்குது. செத்ததுதானே? செத்தது ஊட்டுல இருந்தாத் தீட்டுத்தான்.”

“அது செத்து எத்தனையோ கோடி வருசமாச்சுங்ணா. தீட்டு இன்னுமா இருக்கும்?”

“அதுக்குக் கருமாதி பண்ணுனது ஆரு?”

வெள்ளியங்கிரி திகைத்து என்னைப் பார்த்தான்.

“சரீங்ணா. புதன்கெழமை கொடந் தூக்கறதுக்குள்ள சேலத்துக்கு அனுப்பிச்சர்றேன். வேலுமணி சாரு வாங்கிக்கறேன்னிருக்கறாரு. அதுக்குள்ள கண்ண மட்டும் பாத்துக்கறேன்.”

“எப்படிப் பாப்பே? உளியத் தொட்டின்னா, தம்பின்னுகூடப் பாக்க மாட்டேன். ஆமா, சொல்லிப்போட்டேன்.”

அவர் போனபின், வெள்ளியங்கிரியின் மனைவி சௌந்திரம் கம்மஞ்சோற்றைக் கரைத்துக் கொண்டுவந்து வைத்தாள். அவன் தொடவில்லை.

“ஏனுங்க, அதான் சேலத்துக்குத்தானே போகுது? கெணத்துலயா போடச் சொன்னாரு?”

“நீ வேற. ஒவ்வொரு பல்லா நானெடுத்தேன் சௌந்திரம். கண்ண மட்டும் சேலத்துல எவனோ ஒருத்தன் பாக்கறதா? எனக்கு அந்தக் கல்லு வேண்டாம், எடுத்துட்டுப் போவட்டும். அதோட கண்ண மொதல்ல பாக்கறது நானா இருக்கோணும். அவ்வளவுதான்.”

அவனுடைய ஆசை அவ்வளவுதான். அதைவிடத் தூய்மையான ஆசையை நான் எவரிடமும் கண்டதில்லை.

கல் வந்த புதிதில் வேப்பமரத்தடிக்கே வரமாட்டேன் என்று நின்றவள் சௌந்திரம். பிறகு, பல் ஒவ்வொன்றும் வெளிவர வெளிவர, அடுப்பில் சோறு குழைவதுகூடத் தெரியாமல் அங்கேயே நிற்பவளாக மாறியிருந்தாள்.

“இடிக்கக் கூடாதுன்னுதானே சாட்டு? ஊறப் போடக் கூடாதுன்னு ஆராச்சும் சொன்னாங்களா?”

“என்ன சொல்றே?”

“அந்தச் சாரு ஏதோ ஆசிட்டுன்னு சொன்னாருன்னீங்கல்லொ? சுண்ணாம்புக் கல்லத் திங்கும், எலும்ப உட்டுரும்னு?”

“அளவு தப்புனா எலும்பையுந் திங்கும்னாரு.”

“அளவாப் போடுங்க. மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஊறப் போடறமல்ல? அதையே நோம்பி சாட்டுனா நிறுத்தறமா?”

அவன் சோற்றுக் கும்பாவை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான்.

லாரிக்கு மாற்று ஓட்டுநராக இருந்த கருப்பண்ணன் சேலத்தான். அவனுடைய மச்சான் சாயப்பட்டறையில் வேலை பார்த்தான். பட்டு நூலுக்குச் சாயம் பிடிப்பிக்க அசிட்டிக் ஆசிட் ஊற்றுவார்களாம். மறுநாளே கருப்பண்ணன் இரண்டு கேன் ஆசிட்டும், குறுக்கே அறுத்த ஒரு பிளாஸ்டிக் பீப்பாயும் கொண்டுவந்து இறக்கினான். பல்வரிசையைப் பார்த்து அந்தக் கல்லுக்கு முதலை என்று பெயர் வைத்திருந்தது ஊர்.

“ஏனுங்கண்ணா, இதப் பட்டுக்குத்தான் ஊத்துவாங்க. நீங்க முதலைக்கு ஊத்தறீங்க. என்ற மச்சான் கேட்டா நான் என்னத்தச் சொல்றது?”

“முதலைக்குச் சாயம் போடறம்னு சொல்லு.”

“என்ன கலருன்னு கேப்பானே?”

“மாம்பழக் கலரு, அரக்குப் பார்டருன்னு சொல்லுங்க” என்றாள் சௌந்திரம்.

ஒரு பங்கு ஆசிட்டுக்குப் பத்துப் பங்கு தண்ணீர். கல்லை மூவருமாக இறக்கினர். காடியின் புளிப்பு நெடி மூக்கைப் பிடுங்கியது. முதலில் ஒன்றும் நிகழவில்லை. பிறகு கல்லின் தோளில் ஒரு குமிழ் தோன்றியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. சிறிது நேரத்தில் கல் முழுவதும் நுரை கட்டி, சோடாவை உடைத்தாற்போலச் ‘சுர்’ரென்று பாடத் தொடங்கியது.

“ஏனுங்க! கல்லு மூச்சு உடுதுங்க!” என்று சௌந்திரம் கத்திவிட்டாள்.

அந்தக் கூச்சல் கேட்டு, அண்ணன் மனைவி பூவாத்தாள் ஓடிவந்தாள். அண்ணியை நங்கையா என்று அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

“என்ன சாமி, மாவு புளிச்சிருச்சா? இந்த நாத்தம் நாறுது?”

“வாங்க நங்கையா. கல்லு ஊறுது.”

“கல்லு ஊறுமா? எந்தூரு நாயம் இது?” அவள் பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்தாள். பற்களைக் கண்டு பின்வாங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “ஏஞ் சாமி, இதுக்காவ அண்ணந் தம்பி மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறீங்களே. அவரு மூணு வேளையும் சோத்துல கைய வெச்சுட்டு எந்திரிக்கிறாரு. தாளிப்பில்லைன்னு சாக்குச் சொல்றாரு. எனக்குத் தெரியாதா?”

அன்றுமுதல் நானும் அங்கேயே கிடந்தேன் என்றே சொல்லலாம். வெயில் பொரிந்தது. மரவள்ளிக் காடுகள் வாடித் தொங்கின. ஒவ்வொரு நாளும் பொழுது சாய்ந்ததும் கல்லைத் தூக்கி நல்ல தண்ணீரில் போட்டு, புளிப்பு இறங்கும்வரை அலசுவார்கள். வெந்த சோற்றைப்போல் இளகியிருக்கும் மேற்புறத்தைக் கோணூசியால் வழிப்பார்கள். புதிதாக வெளிவந்த எலும்பு உலர்ந்ததும் அரக்கு மெருகு தடவுவார்கள். மறுநாள் காலை மீண்டும் பீப்பாய். உளியால் ஒரு மாதம் பிடித்திருக்கக் கூடிய வேலை ஒரு நாளில் முடிந்தது. ஒரு நாள் மூக்குத் துளை வெளிப்பட்டது. அதைக் கண்டு வெள்ளியங்கிரி, நோம்பி சாட்டியதையும் மறந்து சீட்டியடித்தான்.

தெருவில் கேலிக்குக் குறைவில்லை. “முதலைக்குத் தண்ணி வாத்துட்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டே போவார்கள். கேட்டவர்களே திரும்பிவந்து, “சித்த காட்டு, பாத்துட்டுப் போறேன்” என்று வேலியோரம் நிற்பார்கள். சின்னுசாமிக் கவுண்டர் மட்டும் வரவில்லை. ஆயினும், தம் வீட்டுச் சுவரோரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் வேலை அந்த வாரம் அவருக்கு வழக்கத்தைவிட நீண்டது என்பதை நான் கவனித்தேன்.

செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. பின்தலையில், கண் இருக்க வேண்டிய இடத்தில், இன்னும் உள்ளங்கைக் கனத்துக்குக் கல் மூடியிருந்தது. அன்று மதியம் வெள்ளியங்கிரி தன் லாரியில் ஊர் ஆண்களை ஏற்றிக்கொண்டு காவிரிக்குப் போக வேண்டும். தீர்த்தம் முகந்துகொண்டு விடியலில் திரும்ப வேண்டும். அது அவன் வீட்டு முறை, தட்ட முடியாது.

அவன் பீப்பாயைப் பார்த்தான், வெயிலைப் பார்த்தான், கேனைத் தூக்கினான்.

“என்னங்க பண்றீங்க? அளவு?”

“அளவெல்லாம் பாத்தா ஆவாது சௌந்திரம். நாளைக்குக் காலையில குடம். இன்னிக்கி ஒரு பொழுதுதான்.”

மீதமிருந்த ஆசிட்டு முழுவதையும் கவிழ்த்தான். கல் சீறிற்று. நுரை விளிம்பைத் தாண்டி வழிந்தது. “ஆரும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் லாரியில் ஏறினான். இரண்டு ஆண்டுகள் தூரிகையால் மெருகு தடவிய கை, ஒரு நொடிப் பதற்றத்தில் அவ்வாறு செய்துவிட்டது.

விடியலில் கொட்டுமுழக்கத்துடன் லாரி வந்து நின்றது. குடங்களைச் சின்னுசாமிக் கவுண்டரின் வாசலில் இறக்கி வைத்தார்கள். வெள்ளியங்கிரி ஈர வேட்டியோடு பொடக்காளிக்குப் பாய்ந்தான். நான் பின்னால் ஓடினேன்.

பீப்பாயில் நுரை இல்லை, சத்தம் இல்லை. பால்போன்ற ஒரு வெள்ளைக் குழம்பு நிறைந்திருந்தது. கல்லின் மேற்புறம் கோயில் மதிலைப்போல வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் சுண்ணாம்பு வாளியும் தேங்காய்மட்டையும் கிடந்தன.

“ஆரு? ஆரு பண்ணுனது இத?”

சௌந்திரம் உள்ளிருந்து ஓடிவந்தாள். நோம்பிக்கு வீட்டை மெழுகிக் களைத்து உறங்கிப்போனவள், அப்போதுதான் அவளும் பார்க்கிறாள்.

“நாந்தான் சாமி” என்றாள் பூவாத்தாள், சுவரோரத்திலிருந்து. “எழவு ஊட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சாத் தீட்டுக் கழிஞ்சு போகுதல்ல? இதுக்கும் அடிச்சுட்டா உங்கண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டாருன்னு பாத்தேன். ஊட்டுக்கு அடிச்சது போக ஒரு வாளி மிச்சமிருந்துச்சு. மேல அடிச்சேன். மிச்சத்த உள்ள ஊத்துனேன்.”

“அய்யோ நங்கையா! ஆசிட்டையே கொன்னுபோட்டீங்களே! சுண்ணாம்பு பட்டா அது செத்துப்போகுமே! நேத்துப் பொழுதே போச்சே!”

“எனக்கென்ன சாமி தெரியும்? நீங்க ரெண்டு பேரும் பேசிக்கோணும்னு பண்ணுனேன்.” அவள் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே, கல் அலச வைத்திருந்த தண்ணீரை எடுத்தாள். “இரு, நானே கழுவி உடறேன். இரு.”

பீப்பாயைச் சாய்த்து வெள்ளைக் குழம்பை வெளியேற்றினார்கள். கல்லைப் பலகையில் ஏற்றினார்கள். வெள்ளியங்கிரி குனிந்து பல்வரிசையைப் பார்த்தான். ஒரு பல்லின் நுனியை விரலால் தொட்டான். அது மாவாக விரலில் ஒட்டிக்கொண்டது.

அவனுடைய முகம் மாறிற்று. “இது சுண்ணாம்பு இல்ல” என்றான் மெதுவாக. “ஆசிட்டுத் தின்னுருக்குது. மெருகையுந் தாண்டித் தின்னுருக்குது. நங்கையா, எப்ப ஊத்துனீங்க சுண்ணாம்ப?”

“வெளக்கு வெச்சப்பறம்.”

“விடியற வரைக்கும் அப்படியே கெடந்திருந்தா, கண்ணையுந் தின்னுருக்கும்.”

பூவாத்தாள் அதைக் கேட்கவே இல்லை. தண்ணீர் ஊற்றிக்கொண்டே, விளக்கும் பாத்திரமும் துலக்கிப் பழகிய உள்ளங்கையால், பின்தலையை வழித்துக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பு வழிந்தது. அதனடியிலிருந்து, ஊறி இளகிய சாம்பல்நிறக் கல் ஏடு ஏடாகப் பெயர்ந்து அவள் விரல்களுக்கிடையே வழுகி இறங்கியது. திடீரென்று அவளுடைய கை நின்றது.

“சாமி, இங்க என்னமோ வட்டமா நெரடுது.”

வெள்ளியங்கிரி அசையவில்லை.

“ஏனுங்க, வாங்க!” என்று சௌந்திரம் அவனுடைய தோளைப் பிடித்துத் தள்ளினாள். “வாங்கன்னா! நீங்கதானே மொதல்ல பாக்கோணும்? நங்கையா, கைய எடுக்காதீங்க, மூடிக்கிட்டே இருங்க!”

பூவாத்தாள் ஒன்றும் விளங்காமல் இரண்டு கைகளாலும் அந்த இடத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். வெள்ளியங்கிரி முழங்காலிட்டு முகத்தை அருகில் கொண்டுபோனான். “இப்ப எடுங்க நங்கையா.”

அவள் கைகளை எடுத்தாள்.

காப்பித் தட்டு அளவுக்கு ஒரு வளையம். மெல்லிய தகடுகள், ஒன்றன் ஓரம் இன்னொன்றின்மேல் படிந்து, வெற்றிலையை வட்டமாக அடுக்கியதுபோல் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. நடுவே கருங்குழி. அது எங்களைப் பார்த்தது, சத்தியமாகப் பார்த்தது. ஈரத்தில் அந்த வளையம் முழுவதும் மின்னிற்று.

வெள்ளியங்கிரி பூவாத்தாளின் கால்களை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, சிரித்தான், அழுதான், மறுபடி சிரித்தான். “நங்கையா, கண்ணு! கண்ணு நங்கையா!”

“உடு சாமி, உடு. காலுல சுண்ணாம்பு.”

அந்த ஆரவாரத்தில், சின்னுசாமிக் கவுண்டர் வந்து நின்றதை எவரும் பார்க்கவில்லை. மஞ்சள் வேட்டி, கையில் காப்பு. மாலைகளைத் தோளில் போட்டிருந்தார்.

“இன்னும் அனுப்பலையா?”

“இதா, அனுப்பறேனுங்ணா. கருப்பண்ணா, வைக்கோலை எடுத்துட்டு வா!”

அவர் திரும்பிப் போகவில்லை. தீட்டு ஒட்டிக்கொள்ளாதிருக்க, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஓரடி முன்னால் வந்தார், பிறகு இன்னோரடி.

“இதுதான் அந்தக் கண்ணா?”

“ஆமாங்ணா.”

“இத்தாப் பெருசு. எதுக்குடா அதுக்கு இத்தாப் பெரிய கண்ணு?”

“அடிக்கடலு இருட்டா இருக்குமாமுங்ணா. அந்த இருட்டுல மீனப் பாக்கறதுக்குன்னு சாரு சொன்னாரு.”

“ம்” என்றார். மேலும் குனிந்தார். தோளிலிருந்த மாலை சரிந்து கல்லின்மேல் படப்போயிற்று. பூவாத்தாள் பதறி அதைப் பிடித்தாள்.

வைக்கோலில் பொதிந்து, பழைய சேலையால் கட்டி, கல்லை லாரியில் ஏற்றினார்கள். கருப்பண்ணன் வண்டியை எடுத்தான். தெருமுனையில் லாரி திரும்பும்வரை வெள்ளியங்கிரி கையசைத்துக்கொண்டிருந்தான். அவனுடைய முகத்தில் இழப்பின் சாயல் சிறிதும் இல்லை. சௌந்திரம் கோமியம் தெளித்துப் பொடக்காளியைக் கூட்டினாள். கொட்டு முழங்கத் தொடங்கிற்று.

வாசலில் குடங்கள் வரிசையாக இருந்தன. பெண்கள் ஈரச்சேலையோடு காத்திருந்தனர். சின்னுசாமிக் கவுண்டர் முதற்குடத்துக்கு மாலை சூட்டினார், இரண்டாவதற்குச் சூட்டினார். தட்டேந்தித் தம்பி பக்கத்தில் நின்றான். அடுத்த மாலையை எடுக்கக் குனிந்தவர், தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“டேய், தலை இங்க வந்துருச்சுன்னா, ஒடம்பு எங்கடா கெடக்குது?”

“காரையிலதானுங்ணா கெடக்கோணும். அதே ஓடையில.”

“மறுபடி லோடு எப்பப் போறே?”

“நோம்பி முடிஞ்ச மறுநாளேங்ணா.”

“முன்சீட்டுல எனக்கு எடம் வெய்யி.” மாலையைக் குடத்தில் சரியாக அமர்த்தினார். “இளிக்காதடா, எல்லாரும் பாக்கறாங்க. குடத்தத் தூக்கச் சொல்லு.”